மஞ்சள் காட்டுச் சட்டை

நாமகிரிப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாடு கன்றுகளும் சுகம், அங்கே டென்மார்க்கில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கனிஷ்காவும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்கக் குலசாமி பார்த்துக்கொள்ளட்டும். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்பாய். பேசினால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நம் காட்டில் மஞ்சள் வெட்டு ஆரம்பித்துவிட்டது. முதல் நாளே என் முழுக்கைச் சட்டையைக் காணோம். நீ பார்சலைப் பிரித்துக் கோபப்பட்ட பிறகுதான் அது கடல் தாண்டிப் போனதே எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாட்டு உடுப்பையும் காட்டும் நாள் வருகிறது, நம்ம ஊர் உடுப்பு அனுப்பும்மா என்று கேட்டாய். நீ நினைத்தது பட்டுப் பாவாடை. ஆனால் காட்டில் நின்று வீடியோவில் பேசிய அம்மாவைப் பார்த்துக் கனிஷ்கா, அம்மாயி, நீங்க போட்டிருக்கறதே எனக்கும் வேணும் என்றாளே, அதை உன் அம்மா அப்படியே எடுத்துக்கொண்டாள். தன் நூல் சேலையில் ஒரு துண்டு கிழித்து, என் சட்டையின் கையையும் நீளத்தையும் குறைத்துத் தைத்து, தலையில் கட்ட ஒரு துண்டும் வைத்து அனுப்பிவிட்டாள். வெயிலுக்கும் அரிப்புக்கும் பயந்து சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை மாட்டாமல் நம் பக்கம் யார் காட்டு வேலைக்குப் போகிறார்கள்?

நீயோ, இதைப் போட்டுட்டுப் போனா எம்புள்ளைய என்னன்னு நெனப்பாங்க என்று கேட்டுவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை சாமி, நானும் அந்தச் சட்டையோடு உன் அம்மாவை எந்த விசேஷத்துக்கும் கூட்டிப் போனதில்லை. ஆனால் யோசித்துப் பார்க்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் அவரவர் ஊர்க் கல்யாண உடுப்பிலேயே வந்து நின்றால், உலகம் பூராவும் கல்யாணத்துக்குத்தான் கிளம்புகிறது, வேலைக்கு யாரும் போவதில்லை என்றல்லவா அந்தச் சின்னதுகள் நினைக்கும்? ஒரு பிள்ளையாவது வேலை செய்யும் உடுப்பில் நிற்கட்டுமே.

அன்றிலிருந்து அம்மா உன் வீடியோவுக்கு வருவதில்லை. கேட்டால் தலைவலி என்கிறாள். நேற்றுத் தன் கல்யாணக் கூரைப்புடவையை எடுத்து வெயில் காட்டி மடித்துப் பீரோவில் வைத்தாள். கனிஷ்காவுக்குப் பாவாடை தைக்க வெள்ளிக்கிழமை அதைத் தையற்காரி ஸ்ரீதேவியிடம் கொடுக்கப் போகிறாளாம். எனக்கு இனி எதுக்குங்க அது, புள்ளைக்காச்சும் நல்லதா அனுப்பலாமுங்க என்கிறாள். கட்டியவள் கண்மூடும் வரை கூட வரும் புடவையில் நம்மவர்கள் கத்தரி வைப்பதில்லை என்று உனக்குத் தெரியும். எனக்கு நெஞ்சு கேட்கவில்லை.

நீ மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். பிள்ளைக்கு அந்தச் சட்டையை மாட்டிவிட்டுக் கூப்பிடு. தலைத்துண்டு கட்ட வரவில்லை, எப்படிக் கட்டுவது என்று கேள். அதற்கு அம்மா வராமல் இருக்க மாட்டாள். நான் எழுதியதை மட்டும் சொல்லிவிடாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குளிரில் பிள்ளையின் காதை மூடிக் கூட்டிப் போ. மூன்று பேரும் மனசு நிறைந்து நல்லா இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சென்னியப்பன்

பீரோ சாவியைக் காணோம் என்று அம்மா வீடெல்லாம் தேடுகிறாள். அது என் இடுப்பில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு மேல் என்னால் ஒளிக்க முடியாது சாமி.