புத்தூர் வயலிலை எங்கடை ரீம்

அன்பான என்ரை மச்சான் இராசையாவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாதெண்டு எனக்குத் தெரியும். அதாலை எங்கடை வாசிகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையிலை எழுதுறன். ஊர்ச்சனம் வாசிச்சுச் சிரிச்சால் சிரிக்கட்டும். முதல் நல்ல செய்தியைச் சொல்லிப்போட்டு மற்றதைக் கதைக்கிறன்: எங்கடை பந்தடி ரீம் கலையேல்லை. பதினொரு பேரும் இருக்கிறாங்கள். அப்பாடா, இதை உனக்குச் சொல்லத்தான் மூண்டு மாசமாக் காத்திருந்தனான்.

நீ காய்ச்சலிலை போய் இரண்டு வருசம். போன கார்த்திகையிலை அடிச்ச புயலை நீ காணேல்லை, காணாதது நல்லது. தொண்டைமானாற்று முகத்துவாரத்தாலை கடல் ஏறி, நீ பத்தை வெட்டித் துப்புரவாக்கின எங்கடை பந்தடி வெளியை விழுங்கிப்போட்டுது. காத்து நிண்ட பிறகு போய்ப் பாத்தால், நீ கோல் அடிக்கிற இடத்திலை இடுப்பளவு தண்ணி. அங்கை ஒருத்தன் வலை வீசிக்கொண்டு நிக்கிறான்! எனக்கு வந்த கோவத்துக்கு அவனைப் பிடிச்சுத் தள்ளியிருப்பன். பாவம், அவன்ரை வள்ளமும் போச்சு, அவன் என்ன செய்வான்?

வீடிழந்த சனத்துக்கு ஓலையும் தடியும் தேடின நேரத்திலை பந்தைப் பற்றிக் கதைக்க எனக்கே வெக்கமாத்தான் இருந்தது. ஆனால் தையிலை பந்தாட்டச் சங்கத்திலையிருந்து கடிதம் வந்திட்டுது. மாசி முடியிறதுக்குள்ளை எங்களுக்கெண்டு ஒரு வெளி பிடிச்சு, அதிலை ஒரு ஆட்டம் நடத்திக் காட்டாட்டி இந்த வருசப் போட்டியிலை எங்கடை பேர் இல்லையாம். பேர் இல்லையெண்டால் பொடியள் நிப்பாங்களோ? எங்கடை முன்வரிசை ஆட்டக்காரன் குணத்தைப் பருத்தித்துறை ரீம்காரர் தங்கடை பக்கம் கூப்பிட்டுத் தேத்தண்ணி வாங்கிக் குடுக்கத் தொடங்கிட்டினம். நீ சாகக் கிடக்கேக்கை ஒரு சொல்லுத்தானே சொன்னனி, "ரீமைக் கலைய விட்டிடாதை மச்சான்" எண்டு. அதை நினைச்சால் எனக்குச் சோறு இறங்காது.

முதல் பக்கத்தூர்க் கோயில் வீதியைக் கேட்டம். நல்ல மணல், நீளமும் காணும். மனேச்சர் ஐயா "ஓம், விளையாடுங்கோ" எண்டு சொல்லுற வாக்கிலைதான் இருந்தவர். பிறகு என்ரை கையிலை இருந்த பந்தைப் பாத்து, "உது தோலோ?" எண்டார். என்ரை வாய் சும்மா கிடந்திருக்கலாம். "தோல்தான் ஐயா, ஆனால் நல்லாக் கழுவிப்போட்டுத்தான் கொண்டந்தனாங்கள்" எண்டன். நீ பக்கத்திலை நிண்டிருந்தால் என்ரை காலை மிதிச்சிருப்பாய். அதோடை அந்தக் கதை முடிஞ்சுது.

நான் இப்பவும் சைக்கிளிலை மீன்பெட்டி கட்டிக்கொண்டு புத்தூர்ப் பக்கந்தான் போறனான். அங்கை வேலுப்பிள்ளையர் எண்டு ஒரு கமக்காரர், என்னட்டை வழமையா மீன் வாங்கிறவர். நெல்லு வெட்டி முடிஞ்ச அவரின்ரை வயல் வெறும் வெட்டையாக் கிடந்தது. கேட்டுத்தான் பாப்பமே எண்டு கேட்டன். மனிசன் பாரைமீனின்ரை செவுளைத் தூக்கிப் பாத்துக்கொண்டே, "ஆவணிக்கு முதல் உழமாட்டன். அதுமட்டும் பந்தடியுங்கோ. ஆனால் ராவிலை வயலிலை பட்டி கட்டி மாடு அடைக்கிறனான், அந்தத் தடியளிலை கை வைக்கப்படாது" எண்டார். அவ்வளவுதான்! மூண்டு மாசக் கவலை ஒரு மீன் விக்கிற நேரத்திலை முடிஞ்சுது. எனக்கு அந்த இடத்திலையே நிண்டு அழவேணும் போலை கிடந்தது.

ஆட்டத்துக்கு நாள் வைச்சம். அண்டைக்கு விடியவே பதினொரு பேரும் நானுமா ஐஞ்சு கட்டை தூரம் நடந்து போனம். போய்ப் பாத்தால் வயல் முழுக்கச் சாணி. விருந்தாளி ரீம் வரப்போகுது, சங்கத்துக்காரர் வரப்போறார், இதுக்குள்ளையோ விளையாடுறது? கடற்கரைப் புத்தி, மச்சான்! மணல் முற்றம் கூட்டிப் பழகின கையள். கடகம் கடகமா அள்ளி, வேலிக்கு அங்காலை கிடந்த பள்ளத்திலை கொட்டி, வயலைத் துடைச்சுவிட்டமாதிரி ஆக்கிப்போட்டு, வேலுப்பிள்ளையர் வந்து மெச்சுவாரெண்டு பாத்துக்கொண்டு நிண்டம்.

வந்தார். பாத்தார். "என்ரை எரு எங்கையடா?" எண்டார்.

அந்த மனிசன் மாடு வைச்சிருக்கிற பட்டிக்காரனைக் கெஞ்சிக் கூட்டிவந்து, பத்து ராவா இடம் மாத்தி மாத்தி மாட்டை அடைப்பிச்சது அந்தச் சாணிக்காகத்தானாம். அதுதான் வாற போகத்துக்குப் பசளையாம். எங்களுக்கு ஆர் சொன்னது? சால்வையை உதறித் தோளிலை போட்டுக்கொண்டு, "உங்களுக்கு இடம் தந்த என்னைச் செருப்பாலை அடிக்கவேணும். பிடுங்குங்கோடா உந்தக் கோல் கம்பை!" எண்டு கத்தினார். நாலு மணிக்கு ஆட்டம். குணம் என்ரை முகத்தைப் பாக்கிறான்.

நான் கடகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குள்ளை இறங்கினன். "ஐயா, கிடந்த கிடந்த இடத்திலை திரும்பப் போட்டுவிடுறம்" எண்டன். எனக்குப் பின்னாலை பதினொரு பேரும் இறங்கினாங்கள். குணமும்தான். வெயில் உச்சிக்கு வருமட்டும் அள்ளினம். வேலுப்பிள்ளையர் வரம்பிலை ஏறி, "அங்கை காணாது, இஞ்சாலையும் கொஞ்சம் போடு" எண்டு கை காட்டத் தொடங்கினார்.

முடிய, அவரே கிணத்துத் துலா மிதிக்க ஆள் பிடிச்சு, ஓலைப் பட்டையிலை தண்ணி அள்ளி எங்கடை கையிலை ஊத்தினார். எங்களைக் கிணத்தைத் தொடவிடக்கூடாதெண்டு அள்ளினவரோ, களைச்சுப்போனமெண்டு இரங்கி அள்ளினவரோ? உப்பிடியான கதையள் உனக்குத்தான் விளங்கும். நான் வயிறு நிறையக் குடிச்சன். நல்ல தண்ணி.

ஆட்டம் நடந்தது. வந்தவங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாங்கள், சறுக்கி விழுந்து எழும்பினாங்கள். எங்கை கால் வைக்கலாமெண்டு எங்களுக்குத்தானே தெரியும், போட்டதே நாங்கள்! ஒண்டுக்கு ஒண்டு. வெல்லவுமில்லை, தோக்கவுமில்லை. எங்கடை கோலைக் குணம்தான் அடிச்சான். சங்கத்துக்காரர் புத்தகத்திலை எங்கடை பேரைப் பதிஞ்சு, வெளி புத்தூர் எண்டு எழுதினார். போகேக்கை வேலுப்பிள்ளையர், "வாற கிழமை கம்பை வடக்காலை நடுங்கோ, தெற்கிலை பட்டி அடைக்கவேணும்" எண்டார். கேட்டியோ மச்சான்? வாற கிழமை எண்டார்!

பொழுதுபட உன்ரை வீட்டை போனன். வெளி போன நாளிலையிருந்து என்ரை தங்கச்சி, உன்ரை பூரணத்தின்ரை முகத்தைப் பாக்கப் பயந்து, மற்ற ஒழுங்கையாலை சுத்தித்தான் போய் வந்தனான். வாசல் படலையிலை நிண்டே, "ரீம் நிக்குது பிள்ளை" எண்டன். அவள் கிட்ட வந்து, "ஐயோ அண்ணை, உதென்ன நாத்தம்!" எண்டு சீலைத் தலைப்பாலை மூக்கைப் பொத்தினாள். முழுக் கதையையும் சொன்னன். மச்சான், அவள் சிரிச்சாள். நீ போன பிறகு அவள் சிரிச்சு நான் கேக்கேல்லை. சிரிச்சு முடிய, இருந்து அழுதாள். பிறகு உள்ளை போய்ப் பெட்டியைத் திறந்து, உன்ரை கப்டன் சட்டையைக் கொண்டுவந்தாள். "முதல் கையைக் கழுவிப்போட்டு வாங்குங்கோ. குணத்திட்டைக் குடுங்கோ அண்ணை. போட்டு விளையாடட்டும்" எண்டாள்.

நேற்று அவனிட்டைக் குடுத்தன். வாங்கின உடனையே போட்டுப் பாத்தான், தோள் கொஞ்சம் பெரிசு. பருத்தித்துறைக்குப் போறியோ எண்டு நான் கேக்கவுமில்லை, இனிக் கேக்கவும் மாட்டன்.

எங்கடை வெளியிலை உப்புத் தண்ணி எப்ப வத்துமோ தெரியாது. வத்தின அடுத்த நாளே கம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவம். அதுமட்டும் வேலுப்பிள்ளையர் காட்டுற பக்கத்திலை நட்டு விளையாடுவம். பதினொரு பேரிலை ஒருத்தன் குறைஞ்சாலும் அந்த இடத்திலை நான் ஓடுவன், முழங்கால் போனாலும் ஓடுவன். இது உனக்கு நான் தாற சத்தியம். நீ நிம்மதியா இரு.

உன்ரை பூரணத்தின்ரை தமையன்,
உனக்கு எண்டைக்கும் மச்சான்,
நடராசா