நைனாவின் உள்ளங்கால்

என் செல்ல நைனாவுக்கு, என் அப்பாவுக்கு,

'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று உன் கல்லறையில் வெட்டி வைத்திருக்கிறோம். நித்திரையா அது? கடைசி மாதம் வலியில் நீ கண் மூடியதே இல்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

பெரிய வியாழன் ஆராதனையில் பாஸ்டர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவாரே, நம் சித்தூர் சபையில் அதில் உனக்கு வருஷா வருஷம் ஒரு நாற்காலி உண்டு. முதல் நாளே உட்கார்ந்து உள்ளங்காலைக் கல்லால் தேய்ப்பாய். "பாஸ்டர் தொடற காலு, சுத்தமா இருக்க வேணாவா?" என்பாய். கடைசி வருஷம் உள்ளங்காலில் இருந்த கறுப்பு தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை, ரத்தம்தான் வந்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டாய். காலைக் காட்ட அவ்வளவு வெட்கமா உனக்கு? டாக்டர் பார்த்தபோது தொடை இடுக்கில் நெறி கட்டி, நுரையீரல் வரை போயிருந்தது.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வருவது என்றுதானே நினைத்திருந்தோம்? அவர்களுக்குத்தான் அதிகமாம். நம் நிறத்துக்கு அபூர்வம். வந்தால் வெயிலே படாத உள்ளங்காலில், நகத்தடியில் வருமாம். அங்கே யார் பார்க்கிறார்கள்? முற்றிய பிறகுதான் தெரிகிறது. உலகம் முழுக்க வயசானவர்கள் பெருகுவதால் இனி இந்த நோயும் கூடிக்கொண்டே போகுமாம். திருப்பதி டாக்டரம்மா சொன்னார்.

அவரிடம் எதற்குப் போனாய் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்த வருஷம் உன் நாற்காலிக்குத் தம்பி பிரபுவைக் கூப்பிட்டார்கள். ஸ்ரீசிட்டி கம்பெனியில் நாள் முழுக்க ஷூவோடு நிற்கிறவன்.

"நான் வரலக்கா. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

காய்ச்சல் என்று நீ படுத்தது நினைவுக்கு வந்தது. "கால நீட்டுடா" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா, ஷூ கட்ச்சிக்கினு இருக்குது. அதுக்கு இன்னாத்துக்கு இப்டிக் கத்தற?"

சாக்ஸை நானே உருவினேன். குதிகால் ஓரத்தில் மிளகு அளவுக்குக் கறுப்பு. அம்மா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திருப்பதியில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "பர்வாலேதும்மா, பயப்படாதீங்க, வெறும் மச்சமாவும் இருக்கலாம். சீக்கிரமே வந்துட்டீங்க" என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும் பஸ்ஸில் பிரபு கேட்டான்: "அக்கா, நைனா மாதிரியே ஆயிடுமா?"  ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை ரிசல்ட். பரலோகத்தில் நீ தனியாக இருப்பாய், பிள்ளைகள் முகத்தைத் தேடுவாய், தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன் நைனா, உன் பக்கத்தில் அவனுக்கு இடம் பிடித்து வைக்காதே. காலையே எடுக்கச் சொன்னாலும் சரி, அவனை நான் அனுப்பமாட்டேன்.

உன்னோடு மல்லுக்கு நிற்கும் மகள்,
கிரேஸ்