வாடகை உதவி கேட்ட வீட்டில் மீன் ரோல்ஸ்

மேல்வீட்டில் யாரோ தகரத்தில் அடைத்த ரின்மீனை வெங்காயத்தோடு வதக்குகிறார்கள். மணம் படிக்கட்டு முழுக்க இறங்கி நிற்கிறது. நகரசபைக் கவுன்சிலுக்குப் போய் இப்போதுதான் திரும்பினேன். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். நீர் போய் ஒரு வருசமாகப் போகிறது. உம்மோடு கதைக்கவேண்டும் போலிருந்தது, எழுதுகிறேன்.

மறுபடியும் வாடகை உதவி கேட்டிருக்கிறேன். இந்தமுறை தனியாக.

முதல்முறை கேட்டபோது நாம் இரண்டு பேர். சிட்னியில், டூங்கபியில் இதே வீடு, முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் ஒரே வேலை, ஆளுக்குப் பாதி வாடகை. ஊரில் ஒருவரையொருவர் தெரியாது. ரெயின் ஸ்டேசனில் அறிமுகமாகி ஒரே குசினியில் சமைக்க வந்து சேர்ந்தவர்கள் நாம். சலவை வேலையை வெளிக் கொம்பனி ஒன்றுக்குக் கொடுத்ததும் நம்முடைய மணித்தியாலங்களை வெட்டினார்கள். வாடகை பிந்தியது. வீட்டைவிட்டு எழும்பச் சொல்லி ஏஜென்ட் நோட்டீஸ் அனுப்பினான். கஷ்டப்படுகிறவர்களுக்குச் சில மாதங்கள் மட்டும் வாடகையில் ஒரு பங்கைக் கவுன்சில் கொடுக்கும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தோம். வீட்டைப் பார்க்க ஒருவர் வருவார் என்றார்கள்.

அவர் வரவிருந்த காலையில் நீர் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தீர்.

“என்ன செய்யிறீர்?” என்றேன்.

“வீட்டுக்கு ஆள் வருது. ரோல்ஸ் பொரிக்கிறன்.”

“குடல் கூழுக்கு அழ, கொண்டை பூவுக்கு அழுததாம். வாறவ எங்கட கஷ்டத்தைப் பாக்கவெல்லோ வாறா.”

“பாக்கட்டும். தின்டுபோட்டுப் பாக்கட்டும்.”

உம்மோடு வாதாடி வென்றவர் யார்? பக்கத்து வீட்டு அன்ரியிடம் பூப்போட்ட பீங்கான் கோப்பைகளை இரவல் வாங்கினீர். மேசைக்கு வெள்ளைத்துணி விரித்தீர். வந்த பெண் சின்னப்பிள்ளை, நல்ல பசியோடு வந்திருந்தாள். ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு எப்படிச் செய்வது என்றும் கேட்டாள். நீர் அவளுக்கு இன்னும் இரண்டைச் சுற்றிக் கொடுத்தனுப்பினீர். காரியம் பழுத்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

பதில் வந்தது. இந்த வீட்டார் உடனடி நெருக்கடியில் இருப்பதாகத் தெரியவில்லையாம், உதவி கிடையாதாம். நான் உம்மைப் பிடித்துத் திட்டித் தீர்த்தேன். கோப்பையையும் மேசைத்துணியையும் சொல்லிச் சொல்லித் திட்டினேன். நீர் போய்ச் சேலையை மாற்றினீர். “வாரும், போவம். நான் தமிழில சொல்லுவன், நீர் இங்கிலீசில சொல்லும். பூசி மெழுகாமச் சொல்லும்.”

கவுன்சிலில் ஒரு மேலதிகாரி வந்தார். அவர் இருக்கச் சொல்வதற்கு முன்பே நீர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தீர். நான் உமக்குப் பின்னால் நின்றேன்.

“மா உங்கட நிவாரணப் பையில வந்தது. உருளைக்கிழங்கும் அதுக்குள்ள வந்தது, ரின்மீனும் அதுக்குள்ள வந்தது. காய்ஞ்ச பாணைத் தூளாக்கிப் பிரட்டினனான். கோப்பை இரவல். நீங்கள் தந்ததைத்தான் நீங்கள் அனுப்பின பிள்ளைக்குச் சமைச்சுக் குடுத்தனான். அதைச் சாப்பிட்டுட்டு எங்களுக்கு வசதியெண்டு எழுதினா எப்பிடி?”

ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பயம் போய்விட்டது. உதவி தேவைப்படுகிற நேரத்தில் ஏன் இப்படி விருந்து வைத்தீர்கள் என்று அவர் கேட்டார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார், மனுசனில் பிழையில்லை.

“உதவி வேணும், ஓம். அதுக்காக வீட்டுக்கு வந்த ஆளை வெறும் வாயோட அனுப்பேலாது. அது வேற, இது வேற” என்றீர்.

அவர் நம் விண்ணப்பத்தை மறுபடி எடுப்பித்து, நம் சம்பளத் துண்டுகளை ஒழுங்காகப் பார்த்தார். உதவி கிடைத்தது, வீடு தங்கியது. அந்தச் செய்தியைக் கேட்டபோது நான் இரண்டு கையையும் கூப்பப் போனேன். நீர் என் முழங்கையில் கிள்ளினீர். “நன்றி சொல்லும். கும்பிட வேண்டாம்.”

இதே வீட்டில்தான் நீர் நோயில் கிடந்தீர், இங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனீர், உயிரோடு திரும்பவில்லை. இப்போது முழு வாடகையும் என் தலையில். வேலை மணித்தியாலத்தை மறுபடியும் குறைத்துவிட்டார்கள். கிரெய்கிபர்னில் இருக்கிற தங்கை போன் எடுத்து, “கவுன்சில் படியேறி ஏன் மானங்கெடுறாய்? பேசாம மெல்பேர்னுக்கு வா” என்கிறாள். வேலையை வெட்டியவனுக்கு வராத வெட்கம் எனக்கு ஏன் வரவேண்டும் என்று கேட்டேன். நான் சம்பளம் எடுத்த ஒவ்வொரு தரமும் வரி கழித்தார்கள். இந்த வீட்டில் உம்முடைய சத்தம் இன்னும் இருக்கிறது. விட்டுப் போக எனக்கு மனமில்லை, போகவும் மாட்டேன்.

இன்றைக்குக் கவுன்டரில் இருந்த பெண், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு என்றுதான் வாயில் வந்தது. பிறகு ஒருவர் என்று சொன்னேன். உம்மில் கோபம்கூட வந்தது, இப்படி விட்டுவிட்டுப் போனீரே என்று.

வியாழக்கிழமை தானே வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னாள். நான் நன்றி சொன்னேன். எழும்பமுன் இன்னொன்றும் சொன்னேன்: “வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அதை என் வசதியென்று எழுதக்கூடாது. முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.”

அவள் பேனையை எடுக்கும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.