கொடியில் பூப்போட்ட நைட்டி

மார்ச் 4
டூரிஸ்டுகள் வருவதற்காக எங்கள் பழைய தெருவை அழகுபடுத்துகிறார்களாம். வீட்டுக்கு வீடு இலவசப் பெயிண்ட். முன்பக்கம் மட்டும்தான், உள்ளே ஒழுகுகிற கூரை அவர்கள் கண்ணில் படவில்லை. சும்மா கொடுப்பவனை எப்படி நம்புவது? "உனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல?" என்கிறார் என் வீட்டுக்காரர். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டினால் வேறென்ன வரும்!

மார்ச் 19
எதிர்வீட்டை விடுதியாக்கிய கோட்டுக்காரத் தம்பி வந்தான். மாடியில் துணி காயப்போடக் கூடாதாம்.
"தெருவோட அழகு கெடுதுக்கா."
"ஈரத்தோட உடுத்தினா என் அழகு கெடாதா தம்பி?"
சிரித்தான். சிரித்தபடியே எங்கள் ஜன்னல்களை எண்ணினான். எதுக்கு?

ஏப்ரல் 2
விடுதி மாடியிலிருந்து எங்கள் மாடிக்கு அவர்களே கொடி கட்டியிருக்கிறார்கள். அலங்காரமாம். எல்லாம் கடையிலிருந்து வந்த புதுச்சட்டை. காய்ந்த துணியையே காயப்போடுகிறார்கள்! வருகிறவன் போகிறவனெல்லாம் படம் எடுக்கிறான்.
நடுவில் என் பூப்போட்ட நைட்டியையும் மாட்டிவிட்டேன். சொட்டச் சொட்ட.

ஏப்ரல் 5
சண்டைக்குத் தயாராக நின்றேன். "அது அப்படியே இருக்கட்டும்க்கா. படத்துல அதுதான் நிஜமாத் தெரியுது" என்கிறான் கோட்டு. திட்ட வேண்டியவன் கொஞ்சினால் சும்மாவா இருக்கும்?

ஏப்ரல் 20
வீட்டு ஓனரும் கோட்டும் டேப்போடு வந்தார்கள். கூரை ரிப்பேராம். "ரெண்டு மாசம் வெளியில இருங்க, அப்புறம் வந்துடலாம்." இத்தனை வருஷம் ஒரு விரிசல் அடைக்காதவர்!
"கூரை ரிப்பேருக்குக் கட்டில் போடற இடத்தை ஏண்ணே அளக்கறீங்க?"
ஓனருக்கு இருமல் வந்துவிட்டது. என் வீட்டுக்காரரோ தலையாட்டுகிறார். ஓனர் தங்கமான மனுஷராம்!

மே 1
சாமானெல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. நைட்டியை மட்டும் எடுக்கவில்லை.
"அதை விட்டுட்டியே?" என்றார்.
"பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கறதில்லையா? அப்படித்தான்."
விழுந்து விழுந்து சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மே 9
இந்த வீட்டில் கொடி கட்டவா என்று கேட்கிறார். வேண்டாம், ரெண்டு மாசம்தானே. நாற்காலி முதுகில் காயட்டும்.

ஜூலை 6
ஓனர் போன் எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 11
மகள் போனில் விடுதி விளம்பரம் காட்டினாள். எங்கள் ஜன்னல்தான். உள்ளே, எங்கள் கட்டில் கிடந்த இடத்தில், பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு.
"அம்மா, உன் நைட்டி!"
ஆமாம். கொடியில், நடுவில். இஸ்திரி போட்டு, ரெண்டு பக்கமும் கிளிப் மாட்டியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்தார்.
"பாருங்க, இவ்வளவு வெயில்லயும் சாயம் போகல. நான் வாங்கின துணியாச்சே" என்றேன்.
அப்புறம் அவரிடம் ஆணியும் கயிறும் வாங்கிவரச் சொன்னேன்.