டன்ஸ்டனின் அடிப்பலகை

காஸ்போர்ட்
2 அக்டோபர் 1780

அன்புள்ள என் கணவருக்கு,

நலம். போன கடிதத்துக்கே பதில் இல்லை. மரத்தோடு பேசிப் பேசி மனைவியை மறந்துவிட்டீர்களோ?

கடற்படைக்கு ஆள் பிடிப்பவர்கள் தெருத்தெருவாக வருகிறார்கள். என் தம்பி ஆமோஸ் உங்கள் டன்ஸ்டன் கப்பலிலேயே சேரப் போகிறானாம். "அத்தான் தச்சரா இருக்கிற கப்பல்னா நீ நிம்மதியா தூங்குவே, அக்கா" என்கிறான். அந்தக் கப்பல் கடலில் இறங்கியபோது நானும் கைதட்டினேன். அதற்குள் இருபத்திரண்டு வருஷம், எத்தனை சண்டை! இன்னும் பலமாக இருக்கிறதா? நீங்கள் சொன்னால் அனுப்புகிறேன்.

உங்கள் டாம்சின்

பிளிமத்
9 அக்டோபர் 1780

என் டாம்சினுக்கு,

கோபிக்காதே, வேலை அதிகம். கப்பலைப் பழுது பார்த்தாயிற்று. நல்ல நிலையில் இருப்பதாக நானே கையெழுத்திட்டேன். ஆமோஸை அனுப்பு.

ஜாபெஸ்

லிஸ்பன்
20 ஜனவரி 1781

டாம்சின்,

இதை உட்கார்ந்து படி. பிஸ்கே விரிகுடாவில் புயல். அடிப்பலகை பிளந்தது. கப்பலை எப்படியோ லிஸ்பன் வரை கொண்டுவந்து சேர்த்தோம். கீழே நீர் இறைத்துக்கொண்டிருந்த பதினான்கு பேர் மேலே வரவில்லை. ஆமோஸும்.

பலகை உளுத்திருந்தது எனக்குத் தெரியும். விரலை வைத்தால் ஊறிய ரொட்டி போல் உள்ளே போகும். கேப்டனிடம் சொன்னேன். "சண்டை காத்திருக்குமாய்யா? கையெழுத்தைப் போடும்" என்றார். போட்டேன். ஆமோஸை அனுப்பாதே என்று எழுதியிருந்தால், ஏன் என்று கேட்டிருப்பாய். அதற்குப் பதில் எழுத எனக்குத் துணிவிருக்கவில்லை.

ஜாபெஸ்

கைதிக் கப்பல் டன்ஸ்டன்,
போர்ட்ஸ்மவுத் துறைமுகம்
3 மே 1784

டாம்சின்,

மூன்று வருஷத்தில் இது பதினோராவது கடிதம். டன்ஸ்டனின் பாய்மரங்களை வெட்டி, பீரங்கிகளை இறக்கி, கைதிகளை அடைத்துவிட்டார்கள். இப்போது சன்னல் கம்பிகளுக்குச் சட்டம் இழைப்பதுதான் என் வேலை. உன் சன்னலிலிருந்து பார்த்தால் நாங்கள் தெரிவோம்.

போன ஞாயிறு வந்து கதவைத் தட்டினேன். உள்ளே உன் இருமல் கேட்டது. நீ திறக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியாவது எழுது.

ஜாபெஸ்

காஸ்போர்ட்
11 மே 1784

ஜாபெஸ் ஹோப்லி அவர்களுக்கு,

கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஆமோஸின் மனைவி விஞ்செஸ்டரில் தனியாக இருக்கிறாள். நாளைக் காலை வண்டியில் அவளிடம் போகிறேன். அங்கிருந்து கடல் தெரியாது.

சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. உங்கள் குளிர்காலக் கோட்டைத் துவைத்து, கிழிசலைத் தைத்து வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். என்னைத் தேடி வர வேண்டாம்.

டாம்சின்