ரம்புத்தான் கொட்டை

புக்கிட் ரோத்தான்
2 மார்ச் 2025

மலேசியத் திருநாட்டின் வருங்காலத் தளபதியும் என் ஒரே அக்காள் உஷாராணியின் ஒரே மகளுமான அன்பரசிக்கு, செம்பனைக் குலை லோரிகளின் சக்கரவர்த்தி, தாய்மாமன் இருசப்பன் எழுதுவது.

நான் சுகம். நேற்றுப் பெய்த மழையில் தோட்டத்து மாடுகள் ஜெராம் கடல்வரை நீந்திப் போய், மீன் வாங்கிக்கொண்டு திரும்பின. மற்றபடி விசேஷமில்லை. என் பெருமை வாட்சப்பில் அடங்காது என்பதால்தான் தபால்தலை ஒட்டுகிறேன்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் ஓட்டத்தில் பெண்களில் முதலாவதாக வந்தாயாமே! அக்காள் போனில் ஒரே வரியில் சொன்னாள். நான் அதை நூறு வரியாக்கிக் கடைத்தெரு முழுக்கப் பரப்பிவிட்டேன். நீ ஓடிய வேகத்தில் பக்கத்துக் கூரைத் தகரமெல்லாம் பறந்தது என்று தேத்தண்ணிக் கூட்டாளி ரெங்கசாமியிடம் சொன்னால், "எத்தன தகரம்?"னு கேக்கிறான், பொறாமை புடிச்ச பய.

டாக்டர் பரிசோதனை என்ன ஆச்சு? உடனே எழுது. சீருடையோடு வந்தால் என் லோரியின் தலையில் உன்னை நிறுத்தி ஊர்வலம்தான்.

மூன்று கண்டம் புகழும்
இருசப்பன் மாமா

---

செரண்டா
9 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மாவும் நலம்.

டாக்டரிடம் நின்றுவிட்டது. ஓடி முடித்ததும் வரிசையில் உட்கார வைத்தார்கள். டாக்டர் தலை நிமிராமல் "லெலா?" என்றார். களைப்பா என்று கேட்கிறார் என நினைத்து, கொஞ்சம் இருக்கிறது என்றேன். பள்ளிக் கட்டுரையில் களைப்புக்குத்தானே அந்தச் சொல்லை எழுதினோம். மூச்சு இழுப்பு நோய்க்கும் மலாயில் அதே சொல் என்பது, அவர் பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது.

களைப்பைத்தான் சொன்னேன் என்று விளக்கினேன். அப்படியானால் மூச்சுத் தொல்லை வந்ததே இல்லையா என்றார். நாலு வயதில் இருந்ததாம் என்றேன். அதோடு நின்றிருந்தால் பார்க்கலாம் என்றார். பிறகு மருத்துவமனையில் படுத்ததுண்டா என்றார். பத்து வயதில் ஒருமுறை என்றேன். எதற்கு என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

மேல்முறையீடு செய்யலாமாம். அன்று மருத்துவமனையில் கூட இருந்த பெரியவர் யாராவது காரணத்தை எழுதித் தரட்டும் என்றார்கள்.

கோபம் வரவில்லை, மாமா. அழுகையும் வரவில்லை. மறுநாள் தொழிற்சாலைக்குப் போய்க் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

அன்பரசி

---

புக்கிட் ரோத்தான்
14 மார்ச் 2025

சதியால் வீழ்த்தப்பட்ட வீரமங்கைக்கு,

லெலாவாம் லா, லெலா! ஒரு சொல்லில் ஒரு ராஜ்யமே கவிழ்ந்துவிட்டதே! கேட்ட கோபத்தில் நான் விட்ட மூச்சில் சுங்கை செம்பிலாங் படகுகள் சுமத்ராவுக்குப் போய்விட்டன.

எதற்கு என்று கேட்டால் வாய் வரவில்லையா? ஊரே அறிந்த கதையாயிற்றே! இதோ என் சான்று. தனித் தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

அதாவது, பத்து வயதில் ரம்புத்தான் கொட்டை உன் தொண்டையில் சிக்கியது. தாய்மாமன் உன்னை ஹோண்டா மோட்டாரில் ஏற்றினான். கோல சிலாங்கூர் பாலத்தை ஒரே தாவலில் கடந்தான். ஆற்று முதலைகள் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டன. மருத்துவமனை வாசலில் முதுகில் ஒன்று வைத்தான். கொட்டை பாய்ந்து ஒரு தாதியின் தொப்பியைத் தட்டிவிட்டு மண்ணில் விழுந்தது. இன்றைக்கும் அங்கே மரமாகிக் காய்க்கிறது.

(தனித் தாளில் முதலை கிடையாது. பயப்படாதே.)

அக்காளிடமும் கேட்டுவிட்டேன். "ரம்புத்தான்தான். வேற என்னடா?" என்றாள். ஆகவே சாட்சி இரண்டு. போ, வென்று வா.

முதலைகள் வணங்கும்
இருசப்பன் மாமா

---

செரண்டா
30 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மேல்முறையீட்டுக்குப் போய் வந்தேன். இந்த முறை பெண் டாக்டர். பத்து வயதில் என்ன நடந்தது என்று கேட்டார். உங்கள் தாள் பையில் இருந்தது. எடுக்கவில்லை. இழுப்பு என்றேன்.

மாமா, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அது ரம்புத்தான் காய்க்கும் மாதமே இல்லை. பள்ளியிலிருந்து நேரே தூக்கிப் போனீர்கள். உங்கள் சாரக் கைலியால் என்னை முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தீர்கள். நீங்கள் பறக்கவில்லை. பாலத்தில் லோரிகள் மறித்து நின்றன. "இழு... விடு... இழு... விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். நானும் உங்கள் முதுகில் முகத்தை வைத்து இழுத்து விட்டேன். முதுகு குலுங்கியது. சிரிக்கிறீர்கள் என்று நினைத்தேன். இறங்கியபோதுதான் முகத்தைப் பார்த்தேன்.

"இழுப்புன்னு வெளிய சொல்லிடாதடா, பொம்பளப் புள்ள" என்று அம்மா கட்டிலருகில் சொன்னதும் கேட்டது. மறுநாள் பார்க்க வந்தவர்களிடம் நீங்கள் ரம்புத்தான் என்றீர்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் நீங்கள் அதைச் சொல்லாமல் சாப்பாடு நடந்ததில்லை. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனால் அந்த டாக்டர் முகத்தைப் பார்த்து, அந்த இழு விடுவைக் கொட்டை என்று சொல்ல முடியவில்லை.

தகுதி இல்லை என்றார்கள். டாக்டர் வருத்தம் தெரிவித்தார். நன்றி சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். ரவாங் வந்தது தெரிந்தது. செரண்டா வந்தது தெரியவில்லை. பத்தாங் காலியில் இறங்கித் திரும்பி வந்தேன். அம்மா சோறு போட்டு வைத்திருந்தார்.

நாளை காலை ஷிப்ட்.

அன்பரசி

---

புக்கிட் ரோத்தான்
6 ஏப்ரல் 2025

அன்பரசிக்கு,

கடிதம் கிடைத்தது.

ரெங்கசாமி உன்னைப் பற்றிக் கேட்டான். எடுக்கவில்லை என்றேன். "ஏன்லா?" என்றான். சின்ன வயதில் இழுப்பு இருந்தது என்றேன். கதை வரும், சிரிக்கலாம் என்று அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு தேத்தண்ணிக்குச் சொன்னான்.

வருகிற ஞாயிறு செரண்டாவுக்கு வருகிறேன். மோட்டாரில்தான்.

இங்கே மழை. கொஞ்சம்தான்.

மாமா