வேம்பு பெயரில் ஒரு ஃபைல்

சீர்காழி
3-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாலதி எழுதுவது. அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா? போனில் வேம்பு பேரை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதம்.

பார்சலில் இருப்பது ஃப்ளாப்பி கண்ட்ரோலர் கார்டு. அப்பா உரக்கடைக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் அந்தக் கார்டு எரிந்துவிட்டது, டிஸ்க் எதையும் படிக்க முடியவில்லை என்று போன வருஷம் சொன்னீர்கள். நாகப்பட்டினத்தில் ஜாஃபர் சாதிக் என்பவர் பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து வைத்துப் பழுது பார்க்கிறார். அவரிடம் கேட்டு வாங்கினேன். எரிந்த கார்டை அவர் விலாசத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்பா கண் மூடுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு மா நிலம் வேம்புக்குத்தான். எழுதி கம்ப்யூட்டர்ல வச்சிருக்கேன்" என்றார். நாற்பது வருஷமாக அந்த நிலத்தில் பாடுபடுகிறவர் வேம்பு. அப்படி எதுவும் இல்லை என்று அவர் மகன் அன்பரசனிடம் சொன்னீர்களாம். படிக்கவே முடியாத டிஸ்கில் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கோபப்படாமல் பதில் போடுங்கள்.

தங்கள் தங்கை,
மாலதி

---

திருப்பனந்தாள்
14-6-2024

அன்புத் தங்கைக்கு,

அண்ணிக்குப் பரவாயில்லை. போர் தண்ணீரில் குறுவை நாற்று விட்டாயிற்று.

கார்டு வந்தது. பட்டை கேபிளை முதலில் மாற்றிச் செருகிவிட்டேன். டிரைவ் விளக்கு அணையாமல் எரிந்தது. சிவப்புக் கோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டதும் சரியாயிற்று. பன்னிரண்டு டிஸ்கில் மூன்று பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. பழைய கார்டை சாதிக்குக்கு அனுப்பிவிட்டேன்.

வேம்பு பேரில் ஒரு ஃபைல் இருக்கிறது. நிலத்தைக் கொடுப்பதாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அதன் தேதி 1-1-1980. கம்ப்யூட்டர் நம் வீட்டுக்கு வந்ததே 1991-இல். அப்பா காரியம் முடிந்ததும் டிஸ்க் டப்பாவை நீதான் எடுத்துப் போனாய், ஒரு மாதம் வைத்திருந்தாய். உன் மருமகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. மேற்கொண்டு நான் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

குணசேகரன்

---

சீர்காழி
22-6-2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மருமகனிடம் காட்டவில்லை. சாதிக்கிடம் படித்துக் காட்டினேன். அந்த மாடலில் கடிகார பேட்டரியே கிடையாதாம். ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி கேட்கும். எதுவும் அடிக்காமல் எண்டர் தட்டினால் 1-1-1980 என்று எடுத்துக்கொள்ளும். அப்பாவுக்கு ஏது பொறுமை? உங்கள் கல்யாணப் பத்திரிகை வாசகமும் அந்த டிஸ்குகளில்தானே இருக்கிறது, அதன் தேதியையும் பாருங்கள். அதையும் என் மருமகன்தான் எழுதினாரா?

டப்பாவை நான் திருப்பித் தந்ததே, இங்கே அதைப் படிக்க மெஷின் இல்லை என்பதால்தான். நம் இரண்டு வீட்டில் அந்த டிரைவ் இருப்பது உங்கள் வீட்டில் மட்டும்தான்.

சாதிக் இன்னொன்றும் சொன்னார், தயங்கித் தயங்கி. "உங்க அண்ணன் அனுப்பின கார்டு எரியவே இல்லைங்கம்மா. போட்டதும் படிக்குது."

நிலத்தை விடுங்கள். என்னிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?

மாலதி

---

திருப்பனந்தாள்
1-7-2024

மாலதிக்கு,

கார்டு எரியவில்லை. நீ டப்பாவைத் திருப்பித் தந்த வாரமே அந்த ஃபைலைப் படித்துவிட்டேன். கேபிளைக் கழற்றிவிட்டு, எரிந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். தேதி விஷயமும் எனக்குத் தெரியும். உரக்கடை பில் எல்லாமே 1980-தான். உன் மருமகனைச் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பழைய கார்டை சாதிக் சோதிப்பார் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மூன்று மா எனக்குப் பெரிதில்லை. அந்த ஃபைலின் கடைசி வரி, தமிழில் சொன்னால், இது: "குணா தர மாட்டான். மாலதி பார்த்துக்கொள்ளட்டும்." அப்பா அதை எழுதியது கடை நடந்த நாளில், எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அவரோடு தினமும் கடையில் உட்கார்ந்தவன் நான். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த வரியைப் படித்த கோபத்தில், அவர் எழுதியதுபோலவே நடந்துகொண்டேன்.

நேற்று வேம்பு வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அன்பரசன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பத்திர ஆபீஸ். நீயும் கையெழுத்துப் போட வேண்டும். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றாலும் வந்துவிடு.

அந்தக் கடைசி வரியை மட்டும் வேம்புக்குச் சொல்லவில்லை. சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டுமா என்ன.

குணா